மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நாற்காலிகள் போதுமா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு நீதிமன்றச் சீரமைப்பைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று சிலர் வினவக்கூடும். நான் சட்டம் பயின்றவன் அல்லன். அரசு ஊழியன் என்பதால் அரசியல் பேசும் உரிமையும் எனக்கில்லை. ஆயினும் நீதிபதிகள் எத்தனை பேர், எங்கே அமர்கிறார்கள், காலியான இடம் எவ்வளவு விரைவில் நிரப்பப்படுகிறது என்பவை கட்சிச் செய்திகள் அல்ல என்பது என் துணிபு. அவை நம் பள்ளிகளையும் நம் மாணவர்களின் குடும்பங்களையும் நேராகத் தொடுபவை.

முதலில் பள்ளியைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் சில அமைப்புகள் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கைத் தொடுத்தன. தமிழையும் சீனத்தையும் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள், தேசியமொழியைப் பற்றிய அரசியலமைப்பின் 152ஆம் பிரிவுக்கு முரணானவை என்பது அவற்றின் வாதம். 2021 டிசம்பர் 29ஆம் நாள் அவ்வாதம் தள்ளுபடியானது. இதே பொருளில் எழுந்த மற்றொரு வழக்கைக் கோத்தா பாரு உயர்நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தள்ளுபடி செய்தது. வழக்குகள் புத்ராஜெயாவுக்குப் போயின. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒருமனதாக நம் பள்ளிகள் சட்டத்துக்கு உட்பட்டவையே என்றனர். அதன் பின்னும் கூட்டரசு நீதிமன்றத்தின் கதவு தட்டப்பட்டது. அங்கும் அனுமதி மறுக்கப்பட்ட பிறகே அவ்வழக்கு ஓய்ந்தது.

அந்த ஆண்டுகளில் முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வந்த பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் ஒலிக்கிறது. “சார், பிள்ளை ஆறாம் ஆண்டு முடிக்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் இருக்கும்தானே?” மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் தோட்டப்புறப் பள்ளி ஒன்றுக்கு அந்த ஐயம் எத்தகைய நஞ்சு என்பதை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. “இருக்கும்” என்று உறுதியாகச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நாளேட்டைப் புரட்டினேன்.

அப்போதுதான் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்பது என்ன, அதில் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நம் முன்னோர் காலத்தில் இறுதி மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. குற்றவியல், அரசியலமைப்பு வழக்குகளுக்கு 1978 தொடக்கத்திலும், உரிமையியல் வழக்குகளுக்கு 1985 தொடக்கத்திலும் அவ்வழி அடைக்கப்பட்டது. பின்னர் உயர்நீதிமன்றத்துக்கு மேலே உச்சநீதிமன்றம் என்ற ஒரே படிதான் இருந்தது. 1994 ஜூனில் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, இடையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ற புதிய படி அமைந்தது. உச்சநீதிமன்றம் மீண்டும் கூட்டரசு நீதிமன்றம் எனப் பெயர் பெற்றது. சுதந்திர மலேசியா தன் மேல்முறையீட்டு மன்றங்களைத் தானே திருத்தி அமைத்துக்கொண்ட பெரிய சீரமைப்பு அதுதான்.

நீதிபதிகளின் எண்ணிக்கையை மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை என்பதைப் பலர் அறியார். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு தலைவரும் பத்து நீதிபதிகளும் என்பது 122அ பிரிவின் தொடக்கக் கணக்கு. மாமன்னரின் ஆணைவழி அந்தப் பத்து பின்னர் முப்பத்திரண்டாக உயர்ந்தது. தலைவரையும் சேர்த்தால் 33 இருக்கைகள். கூட்டரசு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி உள்ளிட்ட நான்கு பொறுப்பாளர்களும் மற்றும் பதினொருவரும் ஆக 15 இருக்கைகள்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எந்த வழக்கையும் மூவர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைப்படை எண்ணிக்கையினர் கேட்க வேண்டும் என்பது பொது விதி. இதை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுத்தேன். 33 நீதிபதிகள், குழுவுக்கு மூவர், எத்தனை குழுக்கள்? பதினொன்று என்று எல்லாரும் கை தூக்கினர். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது எத்தனை? பத்து குழுக்கள், மீதி இரண்டு. பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். “அந்த மீதி ரெண்டு பேரும் என்ன செய்வாங்க, சார்?”

வகுத்தல் கணக்கில் இவ்வளவு நல்ல கேள்வியை இதுவரை நான் கேட்டதில்லை. ஒரு நாற்காலி காலியானால் மூவரின் வேலை தடைபடுகிறது. இருவர் மேசையில் அமர்ந்து தீர்ப்பு எழுதலாம், ஆனால் மூன்றாமவர் இல்லாமல் வழக்கைக் கேட்க இயலாது. இதற்கு அரசியலமைப்பிலேயே ஒரு மாற்று வழி உண்டு. நீதியின் நலன் கருதித் தேவைப்பட்டால் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை மேலே அமர்த்திக்கொள்ளலாம். நம் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை வரும்போது பக்கத்து வகுப்பு ஆசிரியரை அனுப்புகிறோமே, அதே ஏற்பாடு. பக்கத்து வகுப்பு என்ன ஆகிறது என்பது நமக்குத் தெரியும்.

அந்தப் ‘பக்கத்து வகுப்பில்’ அகப்பட்டுக்கொண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மாணவி ஒருத்தியின் தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி மோதி வலக்கால் முறிந்தது. அப்போது மகள் முதலாம் ஆண்டு. செஷன்ஸ் நீதிமன்றத்தில் இழப்பீடு தீர்ப்பானபோது அவள் மூன்றாம் ஆண்டு முடிக்கும் தறுவாய். எதிர்த்தரப்பு உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. தீர்ப்புத் தொகை கைக்கு வராமல் நின்றது. குறித்த நாள் ஒன்றில் நீதிபதி வேறு பொறுப்புக்குச் சென்றிருந்தார். புதியவர் வந்து முதலிலிருந்து கோப்பைப் படிக்க வேண்டும். இன்னொரு நாள், இன்னொரு காரணம்.

“சார், ஜட்ஜு மாறிட்டாராம். தேதி மறுபடி தள்ளிப் போச்சு. விடியக்காலையிலே கிளம்பிப் போனோம். ஒருநாள் சம்பளம் போச்சு” என்றார் அவர், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துக்கொண்டே.

“கொஞ்சம் பொறுங்க அண்ணே” என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இறுதித் தீர்ப்பு வந்தபோது மகள் ஆறாம் ஆண்டு. இடைப்பட்ட காலத்தில் தாயார் உதிர்ந்த பழம் பொறுக்கிக் குடும்பத்தைக் காத்தார். அந்தப் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்பதற்கு வருகைப் பதிவேடே சாட்சி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போகவே இல்லை. வழக்கின் மதிப்பு 250,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் உயர்நீதிமன்றத்தைத் தாண்டி மேலே செல்ல அந்த நீதிமன்றத்தின் அனுமதி தேவை. கீழ் நீதிமன்றத்தில் தொடங்கிய உரிமையியல் வழக்கு கூட்டரசு நீதிமன்றத்தை எட்டுவதற்கோ பொதுவாக வழியே இல்லை. சாலை விபத்து, வாடகை வீடு, சிறு கடன் என்று தோட்டப்புற மக்கள் தொடுக்கும் வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஷா ஆலாம்தான் கடைசி நிறுத்தம். நடைமுறையில் நமக்கு மேல்முறையீட்டு மன்றம் என்பதே உயர்நீதிமன்றம்தான்.

ஆகவே மேலே இருக்கைகளைக் கூட்டுவோம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஓர் அச்சம் தோன்றுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தப்படுபவர்கள் பெரும்பாலும் உயர்நீதிமன்றத்திலிருந்து வருபவர்கள். அங்கிருந்து கூட்டரசு நீதிமன்றத்துக்கு. மேலே ஓர் இடம் நிரம்பினால் கீழே ஓர் இடம் காலியாகிறது. கீழே உரிய காலத்தில் ஆளைக் கொண்டுவராமல் மேலே மட்டும் கூட்டினால், புத்ராஜெயாவின் நெரிசல் குறைந்து ஷா ஆலாமின் நெரிசல் கூடும். முதலில் சொன்னேனே, ஊன்றுகோலோடு வந்தவர், அவர்தான் அந்தக் கூடுதலைச் சுமப்பார்.

அப்படியானால் மேலே கூட்டவே வேண்டாமா? வேண்டும். காலத்துக்காக மட்டுமன்று, படிப்பதற்காகவும் வேண்டும். மொழியாசிரியன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மேல்முறையீட்டில் சாட்சிகள் மீண்டும் கூண்டேறுவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவானவை மேல்முறையீட்டுப் பதிவேடாகத் தொகுக்கப்பட்டு மேலே போகின்றன. நீதிபதிகள் அத்தாள்களையே படிக்கிறார்கள். சாட்சியை நேரில் பார்த்தவர் கீழ் நீதிபதி என்பதால், உண்மை நிகழ்வு குறித்த அவரது முடிவில் மேல் நீதிமன்றம் எளிதில் கைவைப்பதுமில்லை. நம் மக்கள் தமிழில் சாட்சி சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்கிறார். பதிவாவது அந்த மலாய்தான்.

நான் சொன்ன தந்தை கூண்டில் நின்று, “சத்தம் கேட்டுத் திரும்பினேன், லாரி வந்து இடிச்சது” என்றாராம். தமிழில் ‘திரும்பினேன்’ என்றால் தலையைத் திருப்பிப் பார்த்தேன் என்பதும் ஆகும், வண்டியைத் திருப்பினேன் என்பதும் ஆகும். மலாயில் முன்னதற்கு ‘மெனோலே’, பின்னதற்கு ‘மெம்பெலோக்’. பதிவேட்டில் ஏறியது ‘மெம்பெலோக்’. சாலையில் வண்டியைத் திடீரென வளைத்தார், ஆகவே விபத்தில் அவருக்கும் பங்குண்டு என்று எதிர்த்தரப்பு வாதிட அது வாகாய் அமைந்தது. இழப்பீட்டில் ஒரு பகுதி குறைந்தது. அந்த ஒரு சொல்லால்தான் குறைந்தது என்று நான் கூற மாட்டேன். தீர்ப்பில் வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் மேசைமீது கோப்புகள் மலைபோல் குவிந்திருக்கும் ஒரு நீதிபதிக்கு, அந்தப் பக்கத்தில் சற்று நின்று, ‘இவர் சொன்னது என்னவாக இருக்கும்’ என்று எண்ணிப் பார்க்க நேரம் எங்கே கிடைக்கும்? நாற்பது கட்டுரை ஏடுகளை ஒரே இரவில் திருத்தியவர்களுக்கு இது புரியும்.

மூவர் குழு என்பதன் பொருளும் இதுவே. ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும் என்பது நம்பிக்கை. ஈப்போவைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஆசிரியை திருமதி மு. இந்திரா காந்தியின் வழக்கை நாமனைவரும் அறிவோம். தாயின் ஒப்புதலின்றிப் பிள்ளைகள் மூவரும் 2009இல் மதம் மாற்றப்பட்டது செல்லாது என்று 2013இல் ஈப்போ உயர்நீதிமன்றம் கூறியது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவர் குழு ஒருமனதாகத் தாயின் பக்கம் நின்றது. ஒன்பது ஆண்டுகளில் மூன்று படிகள். முழுமையாய் ஆராயப் படிகள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் இடையே ஈராண்டு, மூவாண்டு கழிந்தால், கைக்குழந்தையாய்ப் பிரிக்கப்பட்டவள் பள்ளிச் சிறுமியாகிவிடுகிறாள். மேல்முறையீட்டில் வென்ற தாய்க்கும் அந்த ஆண்டுகள் திரும்பி வரப்போவதில்லை.

இனித் தொலைவு. சுங்கை பெசாரிலிருந்து ஷா ஆலாமுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். புத்ராஜெயா அதற்கும் அப்பால். இலண்டனோடு ஒப்பிட்டால் இது ஒரு தொலைவா என்று நண்பர் ஒருவர் நகைத்தார். மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் போனால் போதும், கட்சிக்காரர் போக வேண்டியதில்லை என்பதும் அவர் வாதம். மெய்தான். 2020இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இணையவழி விசாரணைக்கும் இடமுண்டு. ஆனால் வழக்கறிஞரின் பயணமும் தங்கலும் யார் கணக்கில் ஏறுகின்றன? கெடாவிலிருந்தோ சபாவிலிருந்தோ வருபவருக்கு இது இன்னும் பெருஞ்சுமை. மேல்முறையீட்டு நீதிமன்றம் கூச்சிங், கோத்தா கினபாலு, பினாங்கு போன்ற நகரங்களுக்குச் சென்றும் அமர்ந்திருக்கிறது. எங்கே, எப்போது அமர்வது என்பதை அதன் தலைவரே தீர்மானிக்கலாம் என்று சட்டம் கூறுகிறது. ஆக, அவ்வப்போது நடக்கும் இந்தப் பயணத்தை நிலையான ஏற்பாடாக்க நாடாளுமன்றத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கொரு நல்ல முன்மாதிரி உண்டு. நாகர்கோவில்காரர் ஒருவர் உயர்நீதிமன்றத்தில் முறையிட ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர் கடந்து சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. தென்மாவட்ட வழக்கறிஞர்களும் பொதுமக்களும் பல ஆண்டுகள் போராடிய பின்னர், 2004 ஜூலையில் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டது. நீதிமன்றம் இரண்டாகப் பிளக்கப்படவில்லை. ஒரே நீதிமன்றம் இரண்டு ஊர்களில் அமர்கிறது. அமெரிக்காவில் வேறு வழியைக் கையாண்டனர். தென்மாநிலங்கள் ஆறுக்கும் பொதுவாக இருந்த ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தை 1981இல் இரண்டாக்கி, மும்மூன்று மாநிலங்களாய்ப் பிரித்தனர். நமக்கு மதுரை வழியே பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் நாடு சிறியது, சட்டமும் ஒன்று. வெவ்வேறு மேல்முறையீட்டு மன்றங்கள் வெவ்வேறு விதமாகச் சட்டத்தை விளக்கத் தொடங்கினால் தமிழ்ப்பள்ளி வழக்கு போன்ற ஒன்று வடக்கே ஒரு முடிவும் தெற்கே ஒரு முடிவும் காண நேரலாம். அதை எண்ணவே நடுக்கமாக இருக்கிறது.

அடுத்தது, யார் நியமிப்பது என்ற கேள்வி. இருக்கைகளைக் கூட்டுவது எங்கும் வெறும் நிருவாகச் செயலாக இருந்ததில்லை. 1937இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஒன்பது பேர் கொண்ட உச்சநீதிமன்றத்தில் மேலும் ஆறு பேர் வரை சேர்க்க முனைந்தபோது, தமக்கு வேண்டியவர்களைத் திணிக்கிறார் என்று அவர் கட்சியினரே எதிர்த்தனர். திட்டம் வீழ்ந்தது. 2024 டிசம்பரில் அதே நாட்டில் விசாரணை நீதிமன்றங்களுக்கு 66 புதிய நீதிபதிகளைச் சேர்க்கும் சட்ட முன்வரைவை அதிபர் பைடன் மறுதளித்துத் திருப்பினார். நீதிபதிகள் தேவை என்பதில் இரு கட்சிக்கும் கருத்து வேற்றுமை பெரிதாக இல்லை. நியமிக்கும் வாய்ப்பு யாருக்கு முதலில் போகும் என்பதில்தான் பிணக்கு.

நம் நாட்டில் 1988இல் நீதித்துறைத் தலைவர் துன் சாலே அபாசும் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் பதவி நீக்கப்பட்ட வடு எளிதில் ஆறவில்லை. 2009இல் நீதித்துறை நியமன ஆணையம் அமைந்தது ஒரு முன்னேற்றம். ஆணையம் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. பிரதமர் ஆட்சியாளர் மன்றத்தின் கருத்தறிந்து வழங்கும் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். ஆனால் பரிந்துரை வந்தபின் இத்தனை நாளுக்குள் ஆலோசனை வழங்க வேண்டும் என்ற கெடுவை அச்சட்டத்தை இயற்றியவர்கள் விதிக்கவில்லை. அதன் விளைவை 2025 ஜூலையில் பார்த்தோம். தலைமை நீதிபதி துன் தெங்கு மைமுனும் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவரும் அடுத்தடுத்த நாள்களில் ஓய்வு பெற்றனர். அவ்விருவரும் எந்த நாளில் 66 வயதை எட்டுவார்கள் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆயினும் புதிய தலைமை நீதிபதி அம்மாத இறுதியில்தான் பொறுப்பேற்றார். இடையில் ஜூலை 14ஆம் நாள் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் பேரணியாக நடந்தனர்.

தலைமையாசிரியர் ஓய்வு பெறும் நாள் நமக்கு முன்கூட்டியே தெரியும். பள்ளிக்குப் புதியவர் வராமல் போனால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சும்மா இருக்குமா? மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வாயிலில் நிற்போம். நீதிபதி நாற்காலிக்கு மட்டும் ஏன் அந்த அக்கறை நமக்கில்லை?

என் வேண்டுகோள் இதுதான். இப்போதுள்ள 33 இருக்கைகளும் ஒருநாளும் காலியாக இல்லாதபடி, ஓய்வு நாளுக்கு முன்பே அடுத்தவர் பெயர் முடிவாகும் வகையில் சட்டத்தில் கெடு வேண்டும். மேலே ஒருவர் உயரும் நாளிலேயே உயர்நீதிமன்றத்தில் அவரிடத்துக்கு ஒருவர் வர வேண்டும். அதன் பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள், மகிழ்ச்சியோடு வரவேற்போம். கூட்டும்போது ஒரு குழுவை வடக்கிலும் ஒரு குழுவைத் தெற்கிலும் நிலையாக அமர்த்துங்கள். 250,000 ரிங்கிட் என்ற வரம்பையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். கால் இழந்த தொழிலாளிக்கு ஓர் இலட்சம் ரிங்கிட் என்பது சிறு தொகை அன்று.

சுங்கை பெசார் ஒரு நாடாளுமன்றத் தொகுதி. நமக்கென ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவர் எந்தக் கட்சியினர் என்பதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில், மேற்சொன்னவற்றை மலாயில் ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொண்டுவர ஒரு தாயார் முன்வந்திருக்கிறார். கையொப்பமிட விரும்புவோர் அன்றைக்குச் சற்று முன்னதாகவே வாருங்கள். கடிதத்தில் எழுத்துப்பிழை பார்க்கும் வேலையை மட்டும் நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ‘மெனோலே’யும் ‘மெம்பெலோக்’கும் அதிலும் இடம்பெறும்.